போர்க்களமும் நம் பிள்ளைகளும்

அரசர் பெயரையும் போர் நடந்த ஆண்டையும் மனப்பாடம் செய்வது மட்டும் வரலாறு ஆகாது. போர் நடந்த மண்ணில் நின்று பார்க்கும் பிள்ளையே வரலாற்றை உணர்வான். நாம் நம் சிறுவர்க்குக் காட்ட வேண்டிய களம் ஒன்றுண்டு. அது மராட்டிய மாநிலத்தில் பீமா ஆற்றங்கரையிலுள்ள கோரேகாவ்.

1818 சனவரி 1 அன்று காப்டன் ஸ்டாண்டன் தலைமையில் ஏறத்தாழ 800 கம்பெனி வீரர், பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் பெரும்படையை எதிர்த்து, உணவும் நீருமின்றிப் பகல் முழுதும் போரிட்டனர். மாண்டோர் பெயர் பொறித்த அங்குள்ள கல்தூணில் ‘நாக்’ என முடியும் மகார் பெயர்கள் இருபதுக்கும் மேல் உள்ளன. அண்ணல் அம்பேத்கர் 1927 சனவரி 1 அன்று அங்குச் சென்று அவ்வீரர்க்கு அஞ்சலி செலுத்தினார்.

அவ்வளவு தொலைவு செல்ல இயலாவிடில், பள்ளித் திடலில் ஆற்றையும் ஊரையும் சுண்ணாம்புக் கோட்டால் வரைந்து பிள்ளைகள் போரை நடித்துக் காட்டலாம். வாள்வீச்சு மட்டும் நடிப்பாகாது. தாகத்தால் தவித்தவனும், காயமுற்று வீழ்ந்தவனும் அதில் இடம்பெற வேண்டும். இரு படைகளிலும் பிள்ளைகள் மாறி மாறி நிற்க வேண்டும்.

நடிப்பு முடிந்தபின் ஆசிரியர் ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும்: அவ்வீரர் யாருக்காகப் போரிட்டனர், என்ன பெற்றனர்? தூண் நாட்டிய ஆங்கிலேயரே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மகார்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தினர். அண்ணலைப் போன்ற கற்றோர் வாதாடிய பின்னரே, 1941-இல் மகார் ரெஜிமெண்ட் அமைந்தது.

வாள் பெற்றுத் தந்த புகழைக் காக்க எழுதுகோல் வேண்டியிருந்தது. இதனை நம் பிள்ளைகள் உணர்வார்களாயின், அவர்கள் கற்ற வரலாறு பயனுடையதாகும்.