கலைக்கூடத்துள் நிற்கும் திருமேனிகள்

தஞ்சைமாநகரில், நாயக்கரும் மராட்டியரும் வீற்றிருந்து அரசு செலுத்திய அரண்மனையின்கண், 1951ஆம் ஆண்டிற் கலைக்கூடம் ஒன்று நிறுவப்பெற்றது. சோணாட்டு ஊர்கள் பலவற்றிலும் பாழ்பட்ட கோயில்களிலும் நிலத்தின் அடியிலும் கிடந்த கற்றிருமேனிகளும் செப்புத் திருமேனிகளும் அங்கே ஒருங்கு கூட்டப்பெற்றன. அதனுள் நாள்தோறும் புகுவார் இருதிறத்தார். ஒருசாரார் சிற்பத்தின் செம்மையை வியந்து செல்வர். மற்றொரு சாரார் காலணியைக் கழற்றி, கைகுவித்து, வாய்க்குள் ஐந்தெழுத்தை ஓதி நிற்பர். இவ்விருவருள் எவர் செயல் முறையானது என்பது சைவநன்மக்கள் ஆராய்தற்குரியதொரு பொருளாம்.

இத்திருமேனிகள் மண்ணுட் சென்ற வரலாற்றை முதற்கண் உணர்தல் வேண்டும். உற்சவமூர்த்திகளுக்கு இடர் நேருங்கால் அவற்றை நிலத்துட் பொதிந்து காத்தல் பண்டையோர் கைக்கொண்ட முறை. புதைத்தவர் மாய்ந்தனர்; இடம் அறிந்தாரும் இலராயினர்; நூற்றாண்டுகள் கழிந்தபின் உழுவாரும் தோண்டுவாரும் அவற்றைக் கண்டெடுத்தனர். திருவெண்காட்டிற் புதையுண்டு வெளிப்பட்ட இடபவாகனப் பெருமான் இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் நிற்கின்றார். முதல் இராசராசன் காலத்தில் 1011ஆம் ஆண்டில் அத்திருமேனியும், அடுத்த ஆண்டில் அம்மையின் திருமேனியும் அமைந்தமை கல்வெட்டான் அறியப்படும். பெருமான் சாய்ந்தருளிய இடபமோ கிடைத்திலது. இல்லாத விடையின்மேல் ஊன்றியதுபோல் வளைந்து நிற்கும் திருக்கரத்தைக் காண்பார்க்கு, விடையும் அகக்கண்ணிற்குப் புலனாகாநிற்கும்.

1878ஆம் ஆண்டின் புதையற் சட்டம், நிலத்துட் கண்ட பொருளை மாவட்ட ஆட்சித் தலைவர்க்கு அறிவித்தல் வேண்டுமென விதித்தது. அதன்வழி 1851இல் தோன்றிய சென்னை அருங்காட்சியகத்தைச் சார்ந்த திருமேனிகள் பல. திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும், திருவாலங்காட்டு நடராசப் பெருமானும் ஆண்டு உளர்.

இனி, ஒருசாரார் கூறும் தடையை நோக்குவாம் எனின், அது வருமாறு: ஆகமமுறைப்படி பிரதிட்டை செய்து, ஆவாகித்து, திருமஞ்சனமும் அமுதும் பெற்று, வீதிவலம் வந்த மூர்த்திகளைப் பூவும் நீருமின்றி நிறுத்திக் காட்சிப்பொருளாக்குதல் தகுமோ என்பது. மற்றொரு சாரார், அங்கே கொணர்ந்திலரேல் அவை உருக்கப்பட்டோ கடல்கடந்தோ போயிருக்கும் என்பர். இரண்டும் மெய்யே. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் மெய்யன்பர் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவமெனவே கண்டு வழிபடல் முறையென உணர்த்தலின், திருமேனியை வெறுஞ் செம்பெனக் கொள்ளுதல் சைவர்க்கு ஒவ்வாது. அற்றேல் கலைக்கூடத்தைப் பழித்தல் தகுமோ எனின், தகாது. கோயில் காத்தற்குரியார் காவாதொழிந்தவிடத்து அது காத்தது. அந்நன்றியை மறத்தல் அறமன்று.

அன்றியும், கலைக்கூடங்களாற் சைவத்திற்கு விளைந்த பயன் சிறிதன்று. ஈழத்திற் பிறந்த அறிஞர் ஆனந்த குமாரசாமி, கூத்தப்பெருமான் திருநடனத்தின் உட்பொருளை விளக்கி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை 1912ஆம் ஆண்டில் சித்தாந்த தீபிகையில் வெளிவந்து, பின் 1918இல் நூலாக உலகெங்கும் பரவிற்று. பிரஞ்சு நாட்டுப் பெருஞ்சிற்பியாகிய ரோடின் என்பார், சென்னையிலுள்ள நடராசத் திருவுருவின் நிழற்படங்களைக் கண்டு உளங்கரைந்து வரைந்த கட்டுரை 1921இல் அச்சேறியது. தமிழும் ஆகமமும் அறியாத ஒருவர், படம் ஒன்றனையே கண்டு அத்திருவடியின் அருமையை ஒருவாறு உணர்ந்தார் என்றால், அத்திருவுருவை அமைத்த சிற்பியரின் தவம் யாதென்பது!

இவ்வாறு உலகம் வியந்த வியப்பே பின்னர்க் கேடாகவும் முடிந்தது. விலை மிகவே களவும் மிகுந்தது. தஞ்சை நாட்டுப் பத்தூர் விசுவநாதசுவாமி திருக்கோயிற்குரிய நடராசத் திருமேனி 1976இல் மண்ணினின்று வெளிப்பட்டுக் கள்ளவழியே இலண்டனை அடைந்தது. 1982இற் கானடா நாட்டு நிறுவனம் ஒன்று அதனை வாங்கியது. அதன்மேல் இலண்டன் நீதிமன்றத்தில் எழுந்த வழக்கிற் பாழ்பட்டுக் கிடந்த அக்கோயிலின் சிவலிங்கப் பெருமானும் வழக்காடுவாருள் ஒருவராகக் குறிக்கப்பெற்றார். கோயில் சட்டத்தின்முன் ஓர் ஆளாக நின்று தன் உடைமையைக் கேட்டற்குரியது என 1991இல் மேல்முறையீட்டு மன்றமும் ஏற்றது. அவ்வாண்டே பெருமான் தாயகம் மீண்டருளினார். தடுத்தாட்கொண்ட ஞான்று திருவெண்ணெய்நல்லூரில் ஓலை காட்டி வழக்காடிய முதல்வன் வேற்று நாட்டு மன்றத்தும் வென்றமை அடியார்க்கு உவகை தருவதாம்.

அரியலூர்ப் பகுதியைச் சார்ந்த ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசரோ, களவுபோய், 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தால் ஐம்பது இலட்சம் அமெரிக்க டாலர்க்கு வாங்கப்பெற்று, 2014இல் மீண்டார். அங்ஙனம் மீட்டற்குத் துணையாயது யாது? புதுச்சேரிப் பிரஞ்சு நிறுவனத்தார் கோயில்தோறும் சென்று எடுத்து வைத்த நிழற்படமேயாம். படமும் குறிப்பும் இல்லாத கோயில்கள் இழந்தவற்றைத் தம்முடையன என மெய்ப்பித்தல் அரிது. ஆதலின், கலைக்கூடத்தார் கற்பிக்கும் முதற்பாடம் இதுவேயாம்: உள்ளதை எண்ணி, அளந்து, படமெடுத்து, எழுதி வைத்தல்.

2023ஆம் ஆண்டிற் சீகாழிச் சட்டைநாதர் திருக்கோயிலில், குடமுழுக்கின் யாகசாலைப் பணிக்கு மண் அகழ்ந்தபோது, செப்புத் திருமேனிகளும் தேவாரம் பொறித்த செப்பேடுகளும் வெளிப்பட்டன. அவை எங்கே வைக்கப்பெறல் வேண்டும் என்னும் வினாவும் உடனே எழுந்தது. ஆகலின், இஃது இறந்தகாலத்ததாய் ஒழிந்த வினா அன்று.

கொங்குநாட்டில் திருப்பூரை அடுத்த வீரபாண்டி முதலிய ஊர்களிற் பின்னலாடைத் தொழிலின்பொருட்டுக் குடியேறினோர் பல்லாயிரவர். காவிரிக்கரையூர்களினின்று வந்தாரும் அவருள் உளர். தம் ஊர்க்கோயில் மூர்த்தி எக்கூடத்துள் நிற்கின்றார் என்பதை அவர்தம் மக்கள் அறியார். அவர்க்கு அணித்தாகவே கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் அரசு அருங்காட்சியகங்கள் உள்ளன. விடுமுறை நாளில் ஒருமுறையேனும் மக்களை அழைத்துச் சென்று, இவர் இன்ன மூர்த்தி, இஃது இன்ன முத்திரை, இவ்வூரினின்று வந்தார் என்று சொல்லிக் காட்டுதல் பெற்றோர் கடன். கட்டணமும் விளக்கப் பலகையும் ஏழையர்க்கு எட்டும் அளவினவாக அமைத்தலும், மூர்த்தியின் ஊரையும் கோயிலையும் பிழையற எழுதி வைத்தலும் கலைக்கூடத்தார் கடன்.

திருப்பூர்க்கு அணித்தாய திருமுருகன்பூண்டியிலேதான், சேரமான் பெருமாள் அளித்த பெருநிதியைச் சுந்தரமூர்த்திகள் கொண்டு வருங்கால், இறைவன் பூதகணங்களை வேடராக்கிப் பறிப்பித்தனன். சுவாமிகள் வாளா இருந்திலர். திருக்கோயிலின்முன் நின்று பாடிக் கேட்டனர். பறிபோன பொருள் முழுவதும் மீண்டது. பறிகொடுத்தவர் கேட்டல் வேண்டும் என்பதே அவ்வரலாறு நமக்கு அறிவுறுத்துவது.

ஆகவே முடிந்தது இது: உறுப்பிற் குறைந்து வழிபாட்டிற்கு ஆகாதனவும், ஊரும் கோயிலும் தெரியாதனவும் கலைக்கூடத்தே இருத்தல் முறை. ஊர் தெரிந்து, கோயில் நின்று, குறைவின்றி விளங்கும் திருமேனிகள், காவல் உறுதிப்பட்டபின் தம் கோயிற்கே எழுந்தருளல் முறை. மீண்டு வந்த மூர்த்திகளுள்ளும் பல, திருவாரூர் முதலிய இடங்களிலுள்ள பாதுகாப்பு மையங்களிற் பூட்டுக்குள்ளே இருத்தற்குக் காரணம், ஊரார் காவலை ஏற்க முன்வாராமையே எனின், குற்றம் கலைக்கூடத்தின்பாலது அன்று. கதவும் காவலும் நாட்பூசையும் உடையதாகத் தம் ஊர்க்கோயிலை ஆக்கிவிட்டுப் பின்னர்ப் பெருமானைக் கேட்டல் தகும். அதுகாறும், கலைக்கூடம் புகுவார் கைகுவித்துப் புகுவாராக.

திருச்சிற்றம்பலம்.