கனமாருசா: ஒரு சிற்றூர் அரங்கின் வரலாறும் அமைப்பும்

நாடகம் ஆற்றுகை முடிந்ததும் மறைந்துவிடும் கலை. ஆகவேதான் பழைய அரங்கக் கட்டடங்கள் நாடக வரலாற்றாசிரியனுக்கு முதன்மைச் சான்றுகளாகின்றன. எனினும், கட்டடம் எஞ்சியிருப்பதனால் மட்டும் அரங்கு எஞ்சியதாகிவிடுமா? யப்பானின் ஷிகொக்குத் தீவிலுள்ள கொதோஹிரா என்னும் சிற்றூரின் கனமாருசா அரங்கு இவ்வினாவை எழுப்புகின்றது. முழுமையாக எஞ்சியுள்ள கபுக்கி அரங்குகளுள் மிகப் பழையது இதுவே.

இவ்வரங்கைத் தோற்றுவித்தது யாத்திரையாகும். யானைத்தலை எனப் பொருள்படும் பெயர்கொண்ட மலையின் சாரலில், கடலோடிகளின் காவல் தெய்வமான கொம்பிராவின் வழிபாட்டிடம் உள்ளது. முதலையைக் குறிக்கும் ‘கும்பீர’ என்னும் வடசொல்லே பௌத்தத்தின் வழியாக யப்பானை அடைந்து இத்தெய்வப் பெயராயிற்று. ஆண்டுக்கு மூன்று முறை நிகழ்ந்த திருவிழாக்களிற் கூடிய மக்களுக்காகத் தற்காலிகக் கொட்டகைகள் அமைக்கப்பட்டு, பின்னர் பிரிக்கப்பட்டன. 1835 இல் அவற்றுக்குப் பதிலாக, ஒசாக்கா நகர அரங்கொன்றை முன்மாதிரியாகக் கொண்டு நிலையான அரங்கு எழுந்தது. பரிசுச்சீட்டுக் குலுக்கலும் இங்கேயே நடைபெற்றது. வழிபாடு, வணிகம், கேளிக்கை ஆகிய மூன்றும் ஒரே கூட்டத்தை நம்பியிருந்தன என்பதற்கு இது சான்றாகும்.

ஓடு வேய்ந்த இம்மரக் கட்டடத்தினுள் பார்வையாளர் குனிந்தே நுழைதல் வேண்டும். ‘எலிவாயில்’ என வழங்கும் அச்சிறு வாயில்கள் கூட்டத்தை ஒவ்வொருவராக உள்ளே விடுகின்றன. தரைத்தளம் மரச்சட்டங்களாற் சதுரங்களாக வகுக்கப்பட்டுள்ளது. பார்வையாளர் அவற்றுட் தரையில் அமர்வர். அவர்களிடையே ‘ஹனமிச்சி’ எனப்படும் நடைமேடை பின்புறத்திலிருந்து மேடைவரை செல்கின்றது. நடிகன் பார்வையாளரின் தோளருகே நடந்து வருவதால், மேடையும் அவையும் பிரிந்து நிற்பதில்லை. அந்நடைமேடையிலுள்ள சிறு பொறிவழியால் ஆவிகளும் மாயவுருக்களும் வெளிப்படும்.

மேடையின் நடுவே சுழல்மேடை உண்டு. ஒசாக்காவில் நமிக்கி ஷோசோ 1758 இல் கையாண்ட இவ்வுத்தியை ஐரோப்பிய அரங்கு 1896 இலேயே மியூனிக்கில் ஏற்றுக்கொண்டது. கனமாருசாவில் அதனைச் சுழற்றுவது இயந்திரமன்று. மேடையின் கீழே நின்று தள்ளும் மனிதரே. அக்கீழறையின் பெயர் ‘நரக்கு’. ‘நரக’ என்னும் வடசொல்லே அதன் மூலமாகும். ஒளியும் கைகளாலேயே ஆளப்பட்டது: பக்கச் சாளரங்களின் கதவுகளை மூடியும் திறந்தும் பகலை இரவாக்கினர். கூரையின் கீழுள்ள மூங்கிற் பின்னலிலிருந்து மலரிதழ்கள் அவைமீது சொரியப்பட்டன.

உடைமை கைமாறி, 1900 இல் கனமாருசா என்ற பெயரைப் பெற்ற இவ்வரங்கு, திரைப்படத்தின் வருகையால் நலிவுற்றது. 1970 இல் அரசு இதனை முக்கிய பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. 1972 முதல் 1976 வரை கட்டடம் பிரிக்கப்பட்டு, ஊரிலேயே வேறோரிடத்தில் மீள அமைக்கப்பட்டது. எனினும் கபுக்கி திரும்பவில்லை. அரங்கு காட்சிப்பொருளாகவே நின்றது.

1984 இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றுக்காக இங்கு வந்த இரண்டாம் நக்கமுரா கிச்சியெமொன் முதலிய நடிகர்கள் இம்மேடையில் நடிக்க விழைந்தனர். அதன் பயனாக 1985 இல் கபுக்கி விழா தொடங்கிற்று. அதன்பின், சுழல்மேடையைத் தள்ளுதல், சாளரங்களை இயக்குதல் போன்ற பணிகளை ஊர் இளைஞர்கள் தாமே ஏற்றனர். 2003 இன் திருத்தப் பணியில் மூங்கிற் பின்னலும் மீட்கப்பட்டது. ஆற்றுகை நிகழ்ந்தமையாலேயே அதன் தேவையும் உணரப்பட்டது எனலாம்.

இவ்வுயிர்ப்பு உறுதியானதன்று. விழா ஆண்டிற் சில வாரங்களே நிகழ்வது. நடிகர்களோ பெருநகரத்திலிருந்து வருபவர்கள். பெருந்தொற்றினால் 2020 முதல் 2023 வரை விழா நின்றது. 2024 இலேயே மீண்டும் நிகழ்ந்தது. மரத்தைப் பேணத் தச்சரும் நிதியும் போதும். சாளரத்தை எக்கணத்தில் மூடவேண்டும் என்னும் அறிவோ, ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குச் சென்றாலன்றி நிலைக்காது. அக்கைகளையும் சேர்த்துப் பேணுவதே அரங்கைப் பேணுவதாகும்.