படலமும் செம்பும்

நெய்வேலி டவுன்ஷிப்பில் நான் அடிக்கடி போகும் ஓர் அலுவலகத்தின் கதவுக் கைப்பிடியில், கொரோனாக் காலத்தில் ஒட்டிய பிளாஸ்டிக் படலம் இன்னும் இருக்கிறது. ஓரமெல்லாம் சுருண்டு, சுருளுக்குள் புழுதி கறுப்பாக அடைந்துவிட்டது. நடுவில் '99.9%' என்ற எழுத்து மட்டும் அழியவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸ் கதவில் இருப்பதோ பித்தளைத் தாழ்ப்பாள். ஆயுதபூஜைக்கு ஒரு தரம் புளி போட்டுத் தேய்ப்போம், அவ்வளவுதான். வைரஸிடமிருந்து நம்மைக் காப்பது இவற்றில் எது?

முதலில் படலம். இந்த வகைப் படலங்கள் பலவற்றில் வெள்ளி அயனிதான் சரக்கு. பாக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் ஐஎஸ்ஓ 22196 என்று இருந்தால், அது பாக்டீரியாவுக்கான சோதனை. அதில் வைரஸுக்கு வேலையே இல்லை. வைரஸுக்கு வேறு சோதனை உண்டு: 2019-இல் வந்த ஐஎஸ்ஓ 21702. இரண்டிலும் கிருமி கலந்த திரவத்தைப் பரப்பில் விட்டு, காயாமல் மேலே மெல்லிய தாள் மூடி, வழக்கமாக 24 மணி நேரம் வைத்திருந்து எண்ணுவார்கள். கைப்பிடியில் பட்ட எச்சில் துளியை யார் மூடி வைக்கிறார்கள்? அது கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். வெள்ளி அயனி வேலை செய்ய ஈரம் வேண்டும். சோதனை பொய்யில்லை, சோதனைச் சாலையில் கிடைத்த எண்ணைக் கதவில் ஒட்டியதுதான் தப்பு.

அமெரிக்காவில் இதற்கு ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. கிருமித் தடுப்பு சேர்த்த பொருளைத் தனிப் பதிவில்லாமல் விற்கலாம்; ஆனால் அந்தப் பொருள் கெடாமல் இருக்கும் என்று மட்டுமே சொல்லலாம், தொடுபவருக்கு நோய் வராது என்று சொல்லக் கூடாது. படலம் தன்னைத்தான் காத்துக்கொள்கிறது!

செம்பு இதைவிட நேர்மையானது. 2020-இல் வெளியான ஆய்வொன்றில், கொரோனா வைரஸ் பிளாஸ்டிக்கிலும் எவர்சில்வரிலும் 72 மணி நேரம்வரை உயிர்ப்போடு தென்பட்டது. செம்பில் 4 மணி நேரத்துக்குப் பிறகு தென்படவில்லை. வைரஸின் அளவு பாதியாகக் குறைய பிளாஸ்டிக்கில் ஏறக்குறைய 7 மணி நேரம், செம்பில் முக்கால் மணி நேரம். 2021 பிப்ரவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, செம்புக் கலவைகள் வைரஸைக் கொல்லும் என்று விளம்பரப்படுத்த அனுமதித்தது. அதற்குக் கலவையில் குறைந்தது 95.6% செம்பு இருக்க வேண்டும். சாதாரணப் பித்தளையில் மூன்றில் ஒரு பங்கு துத்தநாகம். ஆக, எங்கள் தாழ்ப்பாளுக்கு அந்தச் சான்றிதழ் செல்லாது. இன்று கடையில் மின்னும் 'பித்தளை' கைப்பிடிகள் பல, மேலே முலாமும் வார்னிஷும் பூசியவை. விரல் தொடுவது வார்னிஷைத்தான், உலோகத்தை அல்ல. களிம்பேறிய பழைய பித்தளை இவற்றைவிட மேல்.

சரி, செம்பே வென்றதாக வைத்துக்கொள்வோம். ஷிப்ட் மாறும் நேரத்தில் பஸ் ஏறுகிறவர்களைப் பாருங்கள். படிக்கட்டுக் கம்பியை ஒருவர் விட்ட மறு விநாடி அடுத்தவர் பிடிக்கிறார். முக்கால் மணி நேரத்தில் பாதி வைரஸைக் கொல்லும் உலோகம் அந்த ஒரு விநாடியில் என்ன செய்துவிடும்? அதே இடத்தில் படலத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதன்மேல் புழுதியும் கையெண்ணெயும் படிந்தால் கிருமி படலத்தைத் தொடுவதே இல்லை.

கொரோனாவோ பெரும்பாலும் காற்றில் பரவியது. அசுத்தமான பரப்பை ஒரு முறை தொட்டுத் தொற்று வர, பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பே என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. வாந்தி பேதி தரும் நோரோவைரஸ் கதை வேறு. அது கையோடு வரும், பரப்பில் தங்கும், சானிடைசருக்கும் லேசில் மசியாது. அதற்கும் தேவை சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் பிளீச்சிங் கரைசலில் துடைப்பதும்தான்.

என் தீர்ப்பு: செம்பு படலத்தைவிட மேல், இரண்டையும்விட ஈரத்துணி மேல். இனி யாராவது படலம் விற்க வந்தால், "எந்த வைரஸ், எத்தனை நேரம்?" என்று கேளுங்கள். 24 மணி நேரம் என்று பதில் வந்தால், அந்தக் காசில் குழாயடிக்கு ஒரு சோப்பு வாங்கி வையுங்கள்.