ஓக் மரமும் ஒரு பள்ளிக்கூடமும்

சென்ற வருஷம் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் நண்பரின் குமாரன், "மாமா, உங்களுக்கு ஒன்று கொண்டுவந்திருக்கிறேன்" என்றான். நல்ல பேனாவாக இருக்கும் என்று ஆசையோடு கையை நீட்டினேன். அவன் வைத்தது ஒரு மெல்லிய புத்தகம். அவன் படிக்கும் கனெக்டிகட் ராஜ்யத்தைப் பார்க்க வருகிறவர்களுக்காக அச்சிட்டது. ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு வாங்கி வைத்தேன். அன்று இரவு தூக்கம் வராமல் அதைப் புரட்டியவன், விடியும் வரை கீழே வைக்கவில்லை.

கனெக்டிகட் மிகச் சிறிய ராஜ்யம். அமெரிக்காவின் 50 ராஜ்யங்களில், பரப்பளவில் அதைவிடச் சிறியவை இரண்டே இரண்டுதான். 5,543 சதுர மைல். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 36 லட்சம் ஜனங்கள். தலைநகரமான ஹார்ட்ஃபோர்டு, இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளுக்குப் பெயர்போனது. மார்க் ட்வெயின் பதினேழு வருஷ காலம் வாழ்ந்த வீடு அங்கேதான் இருக்கிறது.

ஒவ்வொரு ராஜ்யமும் தனக்கென்று ஒரு பூ, ஒரு பறவை, ஒரு மரம் என்று சின்னங்களைச் சட்டம் போட்டுத் தேர்ந்துகொள்வது அந்த நாட்டு வழக்கம். கனெக்டிகட்டின் மிருகம் திமிங்கலம். பூச்சி எது தெரியுமா? நம் வீட்டுத் தோட்டத்துச் செடியில் கைகூப்பி உட்கார்ந்திருக்குமே, அந்தக் கும்பிடு பூச்சியின் ஜாதிதான்! 1977-இல் அதற்கு இந்தக் கௌரவம் கிடைத்தது. இத்தனைக்கும் அது அந்த மண்ணின் பூச்சிகூட இல்லை. ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியது. வந்து குடியேறியவர்களின் ராஜ்யத்துக்கு அதுவும் பொருத்தம்தான்.

'ஜாதிக்காய் ராஜ்யம்' என்று அதற்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு. ஜாதிக்காய் அங்கே விளைந்ததால் வந்த பெயர் அல்ல. அந்த ஊர் வியாபாரிகள் மரத்தைக் கடைந்து ஜாதிக்காய் என்று விற்றுவிட்டுப் போனார்களாம். அதனால் வந்த பெயர். உண்மையில் விற்றார்களோ, அயல் ஊரார் கட்டிவிட்ட கதையோ! வேறு யாராக இருந்தாலும் மானநஷ்ட வழக்குப் போட்டிருப்பார்கள். இவர்களோ சிரித்துக்கொண்டே அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். எனக்கு அவர்களைப் பிடித்துப் போயிற்று.

ஆனால் அவர்கள் சிரிக்காமல் பக்தியோடு பேசும் சின்னம் ஒன்று இருக்கிறது. அது ஓர் ஓக் மரம். 1662-இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ், அங்கே குடியேறியவர்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளலாம் என்று ஒரு சாசனம் கொடுத்தார். அடுத்து வந்த அரசருக்கு அது பிடிக்கவில்லை. சாசனத்தைத் திரும்ப வாங்கி வரும்படி சர் எட்மண்டு ஆண்ட்ரோஸை அனுப்பினார். 1687 அக்டோபரில் ஹார்ட்ஃபோர்டில் சபை கூடியது. வாதம் இரவு வரை நீண்டது. மேஜைமேல் சாசனம், சுற்றிலும் மெழுகுவத்திகள். திடீரென்று விளக்குகள் எல்லாம் அணைந்தன. மறுபடி ஏற்றிப் பார்த்தால் சாசனத்தைக் காணோம்! ஜோசப் வாட்ஸ்வர்த் என்பவர் அதைக் கொண்டுபோய் ஒரு பழைய ஓக் மரத்தின் பொந்தில் ஒளித்துவைத்துவிட்டார் என்பது கதை. நான் எழுதியிருந்தால், "நாடகத்தனமாக இருக்கிறது" என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

1856 ஆகஸ்டில் அடித்த புயலில் மரம் விழுந்தது. அதன் கட்டையில் நாற்காலிகளும் கைத்தடிகளும் செய்துகொண்டார்கள். அந்த மரத்தில் செய்ததாகச் சொல்லப்படும் சாமான்களையெல்லாம் சேர்த்தால் நெடுந்தூரம் பலகைச் சாலையே போட்டுவிடலாம் என்று மார்க் ட்வெயின் கேலி செய்திருக்கிறார்.

1687 என்ற வருஷத்தைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அதே வருஷத்தில் நம் சென்னைப் பட்டணத்துக் கோட்டையில் கவர்னராகப் பதவி ஏற்றவர் எலிஹு யேல். கோட்டைக்குள் இருக்கும் செயிண்ட் மேரீஸ் தேவாலயத்தில் 1680-இல் நடந்த முதல் கல்யாணமே அவருடையதுதான். அவர் இங்கே பெரும் செல்வம் சேர்த்தார். அவர் காலத்துக் கோட்டையில் அடிமைகளைக் கப்பலேற்றும் வியாபாரமும் நடந்தது. முறைகேட்டுப் புகார்கள் எழுந்து 1692-இல் பதவி போயிற்று. பிறகு 1718-இல், கனெக்டிகட்டில் திண்டாடிக்கொண்டிருந்த ஒரு கலாசாலைக்கு ஒன்பது மூட்டைச் சரக்கும், 417 புத்தகங்களும், அரசரின் படமும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. நன்றியோடு கலாசாலைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதுதான் நியூஹேவனில் உள்ள யேல் சர்வகலாசாலை. நண்பரின் குமாரன் படிக்கும் இடம்.

சுதந்திரத்தை மரப்பொந்தில் காப்பாற்றிய ராஜ்யம், சென்னைப் பணத்தில் கல்வியை வளர்த்த ராஜ்யம். அந்தச் சுதந்திரமும் கல்வியும் யாருக்கு? இந்தக் கேள்வியோடு பக்கத்தைத் திருப்பினேன். சின்னங்களின் பட்டியலில், பூவுக்கும் பறவைக்கும் கீழே, ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. 'ராஜ்யத்தின் வீராங்கனை: புரூடன்ஸ் கிராண்டல்.'

கான்டர்பரி என்ற சிற்றூரில் 1831-இல் பெண்களுக்காகப் பள்ளிக்கூடம் தொடங்கிய ஆசிரியை அவர். மறு வருஷம், ஆசிரியையாக வேண்டும் என்று ஆசைப்பட்ட சாரா ஹாரிஸ் என்ற கறுப்பினப் பெண் வந்து, தன்னையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டாள். சேர்த்துக்கொண்டார். ஊர் கொதித்தது. மற்றப் பெற்றோர்கள் தங்கள் பெண்களை நிறுத்திக்கொண்டார்கள். கிராண்டல் மன்னிப்புக் கேட்கவில்லை. 1833-இல் கறுப்பினப் பெண்களுக்கென்றே பள்ளியைத் திறந்தார்!

கடைக்காரர்கள் சாமான் கொடுக்க மறுத்தார்கள். கிணற்றில் சாணத்தைக் கொட்டினார்கள். ராஜ்யத்துச் சட்டசபை, வெளி ராஜ்யத்துக் கறுப்பினத்தாருக்கு ஊரின் அநுமதியின்றிப் பாடம் சொல்லித்தரக் கூடாது என்று தனிச் சட்டமே இயற்றிற்று. ஆசிரியையைக் கைது செய்து ஓர் இரவு சிறையில் வைத்தார்கள். வழக்கு நடந்தபோது, சுதந்திரமான கறுப்பர்களும் இந்நாட்டுப் பிரஜைகள் அல்லர் என்று ஜூரிகளுக்கு எடுத்துச் சொன்னவர் நீதிபதி டேவிட் டாகெட். அவர் யார்? யேலில் சட்டம் போதித்த பேராசிரியர்! மேல் முறையீட்டில் தண்டனை நிற்கவில்லை. ஆனால் 1834 செப்டம்பரில் ஓர் இரவு, ஒரு கும்பல் பள்ளிக்கூடத்து ஜன்னல்களை அடித்து நொறுக்கியது. உள்ளே இருந்தவர்கள் சின்னஞ்சிறு பெண்கள். அவர்கள் உயிருக்கு அஞ்சித்தான் கிராண்டல் பள்ளியை மூடினார். ஊரையும் விட்டுப் போனார்.

அந்தச் சட்டம் 1838-இல் நீக்கப்பட்டது. 1886-இல், கிராண்டலுக்கு எண்பது வயதைத் தாண்டிய பிறகு, ராஜ்யம் வருஷம் 400 டாலர் உபகாரச் சம்பளம் அளித்தது. அதற்காகப் பரிந்து நின்றவர்களில் மார்க் ட்வெயினும் ஒருவர். 1890-இல் கிராண்டல் காலமானார். தான் சிறையில் வைத்த அந்தப் பெண்மணியை 1995-இல் அதே ராஜ்யம் வீராங்கனையாகச் சட்டம் போட்டு ஏற்றுக்கொண்டது. தாமதந்தான். ஆனாலும், தன் பெருமைகளை எழுதும் ஏட்டில் தன் வெட்கத்துக்கும் ஒரு வரி இடம் விட எத்தனை ராஜ்யங்களுக்கு மனம் வரும்?

மறுநாள் நண்பரின் குமாரனிடம், "ஓக் மரம் இருந்த இடத்தைப் பார்த்தாயா?" என்று கேட்டேன்.

"பார்த்தேன், மாமா. ஒரு ஞாபகக் கல் இருக்கிறது. அவ்வளவுதான்."

"அந்த அம்மாளின் பள்ளிக்கூடம்?"

"அந்த வீடு அப்படியே நிற்கிறது. மியூஸியமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே போனதும் நான் முதலில் பார்த்தது ஜன்னல்களைத்தான்" என்றான்.