பட்டறைதான் முதலில் வந்தது

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகான இருபது ஆண்டுகளை மோட்டார் கார்களின் பொற்காலம் என்று உலகம் கொண்டாடுகிறது. 1948-ல் அமெரிக்காவின் காடிலாக் காருக்குப் பின்பக்கம் சிறகு முளைத்தது. 1955-ல் பிரான்சின் சித்ரோயன் டிஎஸ், எண்ணெய் அழுத்தமும் வாயு அழுத்தமும் சேர்ந்து வண்டியைத் தாங்கும் புதுமையோடு வந்தது. 1959-ல் பிரிட்டனின் மினி, எஞ்சினைக் குறுக்காகப் போட்டு நான்கு பேருக்கு இடம் பண்ணியது. இந்தப் பட்டியலில் இந்தியாவின் பெயர் வருவதே இல்லை. வந்தாலும், பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டை 1957 வாக்கில் அம்பாசடராக்கி 2014 வரை பெரிய மாற்றமில்லாமல் செய்துகொண்டிருந்த நாடு என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என மூன்றே பெயர்கள். பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு. ஆகவே அது தூங்கிய காலம் என்பது பொதுவான தீர்ப்பு. கார் மாடல்களை மட்டும் எண்ணினால் அந்தத் தீர்ப்பு சரிதான். ஆனால் மோட்டார் தொழிலின் வரலாற்றை மாடல்களைக் கொண்டு எழுதுவதே பிழை என்பது என் கட்சி. வண்டியைச் செய்த ஊர்களை விட்டுவிட்டு, வண்டியை ஓடவைத்த ஊர்களிலிருந்து பார்த்தால் அந்த இருபது ஆண்டுகள் வேறுமாதிரி தெரியும். அப்படிப் பார்ப்பதற்கு மதுரையைவிட நல்ல ஊர் தமிழ்நாட்டில் இல்லை. மதுரைக்குள்ளே காளவாசலைச் சுற்றிய மேற்குப் பகுதியைவிட நல்ல இடமும் இல்லை.

செங்கல் சூளையின் பெயரைத் தாங்கிய இந்தச் சந்திப்பில் தேனிப் பக்கம் போகும் சாலையும் பைபாஸ் சாலையும் வெட்டிக்கொள்கின்றன. பைபாஸ் சாலையில் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மதுரைத் தலைமையகம் இருக்கிறது. பக்கத்தில் டிவிஎஸ் நகர். மேற்கே கொச்சடையில் ஃபென்னரின் பெல்ட் தொழிற்சாலை, சுந்தரம் இண்டஸ்ட்ரீஸின் ரப்பர் தொழிற்சாலை. லேத் பட்டறை, டிங்கரிங், டயர் ரீட்ரேடிங், ஸ்பேர் பார்ட்ஸ் கடை என்று மோட்டாரை நம்பிப் பிழைக்கிற சில்லறைத் தொழில்கள் இவற்றைச் சூழ்ந்து நிற்கின்றன. இந்தப் பகுதியில் ஒரு கார் தொழிற்சாலைகூட இருந்ததில்லை. ஆனால் ஒரு வண்டி ஷோரூமை விட்டு வந்த பிறகு அதற்கு என்னென்ன தேவையோ அத்தனைக்கும் இங்கே ஆள் உண்டு. இந்த ஏற்பாடு தானாக அமைந்துவிடவில்லை.

அதன் தொடக்கம் போருக்கு முந்தியது. திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல் மதுரையில் தம் டிவிஎஸ் நிறுவனத்தைத் தொடங்கி, பஸ் விடலானார். சாலைகள் மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் போட்டவை. லாடத்தின் ஆணி உதிர்ந்து கிடக்கும், டயர் பஞ்சராகும். சாலையில் காந்தம் கட்டிய வண்டியை விட்டு அவர் ஆணிகளைப் பொறுக்கியெடுக்கச் செய்தார் என்று சொல்வார்கள். டிவிஎஸ் பஸ் வரும் நேரத்தை வைத்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்ற பேச்சும் மதுரையில் வெகுகாலம் இருந்தது. மிகைப்படுத்தல் இருந்தால் இருக்கட்டும். நேரம் தவறாத பஸ் என்றால் வழியில் நிற்காத பஸ். வழியில் நிற்காத பஸ் என்றால் இரவோடிரவாகக் கழற்றிப் பார்த்து மாட்டப்பட்ட பஸ். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு ஒழுங்கான பட்டறை இருந்தே ஆகவேண்டும். உதிரிபாகங்களுக்காக மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் 1929-லேயே தொடங்கப்பட்டதும் அந்தத் தேவையிலிருந்துதான்.

போர் வந்ததும் இந்தப் பட்டறைக்குப் பெரிய சோதனை வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். பஸ் நிற்காமலிருக்க டிவிஎஸ் கரி கேஸ் பிளான்ட்டைத் தானே செய்து விற்றது. அந்தச் சாதனத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. ஒரு பெரிய இரும்பு உருளையில் மேலிருந்து மரக்கரியைக் கொட்டி மூடுவார்கள். அடியில் தீ மூட்டி, காற்றை அளந்து விடுவார்கள். கரி முழுதாக எரியக் காற்று போதாதபடி வைத்திருப்பதால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அந்த வாயு குழாய் வழியே ஆறி, வடிகட்டியில் தூசி நீங்கி, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் போகும். புறப்படுவதற்கு வெகுநேரம் முன்பே தீ மூட்டி, ஊதுவிசிறியைச் சுற்றிக் கரியைக் கனலவைக்க வேண்டும். பெட்ரோலில் கிடைத்த வலு கிடைக்காது; மேட்டில் வண்டி திணறும். வடிகட்டியைத் தாண்டி உள்ளே போகிற சாம்பல் சிலிண்டர் சுவரை அராவிவிடும். எனவே பிஸ்டன், ரிங், வால்வு எல்லாம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தேயும். அடிக்கடி கழற்ற வேண்டும். புது டயரும் அரிது. தேய்ந்த டயரைச் சுரண்டி, ரப்பர் பசை தடவி, மேலே புது ரப்பர் பட்டையைச் சுற்றி, அச்சில் வைத்து வேகவைத்து எடுக்கும் ரீட்ரேடிங்கிலும் அவர்கள் கைவைத்தார்கள். போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் கேஸ் பிளான்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். ஆனால் வெளியிலிருந்து ஒன்றும் வராவிட்டாலும் வண்டியை ஓடவைக்கக் கற்றுக்கொண்ட ஃபிட்டர்கள் இருந்தார்கள். உலகம் குரோமியத்தையும் சிறகையும் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டுகளுக்குள் மதுரை நுழைந்தது இந்தக் கையிருப்போடுதான்.

1950களில் சென்னையிலும் பம்பாயிலும் நடந்த மாற்றங்கள் இந்தக் கையிருப்பின் மதிப்பைக் கூட்டின. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் அப்போது ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் மிகப் பெரிய விற்பனையாளர்களில் ஒன்று. உள்நாட்டில் உற்பத்தி செய்யத் திட்டமில்லாமல் பாகங்களைப் பூட்டி மட்டும் விற்பவர்கள் தொடரக் கூடாது என்று 1953-ல் சுங்கவரி ஆணையம் பரிந்துரைத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1954-ல் இந்தியாவில் கடையைக் கட்டின. விற்க வண்டியில்லாத விற்பனையாளருக்கு அது பேரிடி. இன்னொரு பக்கம் யோசியுங்கள். அந்தக் கம்பெனிகள் விற்ற செவர்லே லாரிகளும் பஸ்களும் அதே ஆண்டில் ஓடுவதை நிறுத்திவிடவில்லை. செய்தவன் போய்விட்டான், வண்டி இருக்கிறது, தேய்கிறது. இனி அதைக் காப்பாற்றப்போவது பட்டறையும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையும்தான். அதே 1954-ல் சுந்தரம் ஐயங்காரின் மகன் டி.எஸ். சந்தானம் இரண்டு லட்சம் ரூபாய் மூலதனத்தோடு சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். லாரி வாங்குகிறவருக்கு நிலமோ நகையோ ஈடாகத் தேவையில்லை. லாரியே ஈடு, தவணை கட்டி முடித்தால் அவருடையது. ஒரு பழைய லாரிக்கு எவ்வளவு கொடுக்கலாம், அது எத்தனை காலம் சம்பாதிக்கும் என்று மதிப்பிடப் பட்டறை அறிவு வேண்டும். சிறகு வைத்த காடிலாக்கைவிட இந்தத் தவணைக் கடனைத்தான் நம் நாட்டின் அந்தக் காலப் பெரும் மோட்டார் புதுமையாக நான் வைப்பேன். ஓட்டுநராக இருந்தவர் லாரி முதலாளியாவதற்கு அது வழி திறந்தது.

1960-ல் வீல்ஸ் இந்தியா, 1961-ல் லூகாஸ் டிவிஎஸ், 1962-ல் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாஸனர்ஸ் என்று டிவிஎஸ் குழுமத்தின் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. என்ன செய்தார்கள் என்று பாருங்கள்: சக்கரம், டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார், பிரேக், போல்ட். பாரம் ஏற்றி மோசமான சாலையில் ஓடும் வண்டியில் முதலில் பழுதாகிறவை இவைதான். கவுன்டரில் அதிகம் கேட்கப்படுகிறவையும் இவைதான். ஐம்பது ஆண்டு பஸ் ஓட்டி, உதிரிபாகம் விற்றவர்கள் எதைச் செய்ய வேண்டுமென்று தேர்ந்ததில் வியப்பில்லை. மற்ற ஊர்களிலும் இதே வரிசைதான். 1840-ல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய சென்னை சிம்சன் நிறுவனத்தின் குழுமத்திலிருந்துதான் 1949-ல் இந்தியா பிஸ்டன்ஸ் வந்தது. 1920-ல் ஒரு பஸ்ஸோடு தொடங்கிய கோவையின் ஜி.டி. நாயுடு பிறகு மின்மோட்டார் வரை போனார். முதலில் வண்டி ஓட்டுவது அல்லது கட்டுவது, பிறகு பழுது பார்ப்பது, அதன் பிறகே பாகம் செய்வது. தமிழ்நாட்டில் மோட்டார் தொழில் இந்த வழியில்தான் வேர் பிடித்தது.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் வலுவானது, இதெல்லாம் லைசென்ஸ் ராஜ்ஜியத்தின் தயவு என்பது. இறக்குமதியை அடைத்துவிட்டால் யார் செய்தாலும் விற்கும். தொழிற்சாலையின் வரைபடங்களும் பர்மிங்காமிலிருந்து வந்தவை. இதில் மதுரைப் பட்டறையின் பங்கு என்ன என்று கேட்பார்கள். பாதுகாப்பு இருந்தது உண்மை. லூகாஸ், கர்லிங், கிளேட்டன் டிவான்டர், டன்லப் ஆகியவற்றின் தொழில்நுட்பம் இல்லாமல் அந்தத் தொழிற்சாலைகள் எழுந்திருக்காது என்பதும் உண்மை. ஆனால் இதே பாதுகாப்பும் இதேபோன்ற பிரிட்டிஷ் வரைபடங்களும் சென்னையில் இன்னொரு நிறுவனத்துக்கும் கிடைத்தன. வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1950களில் வேன்கார்டும், 1961 முதல் ஹெரால்டும் செய்தது. ஹெரால்டு அழகான வண்டி. முன்பக்கத்து பானட்டை மட்கார்டோடு சேர்த்து முன்னோக்கித் தூக்கினால் எஞ்சின் முழுவதும் திறந்து நிற்கும். அதை வைத்திருந்தவர்களின் பிரியம் இன்றும் குறையவில்லை. ஆனால் 1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000 எடுபடாமல் போனதோடு நிறுவனமும் கொஞ்ச நாளில் மூடிக்கொண்டது. கார் செய்தவர்கள் போனார்கள். பிரேக்கும் ஸ்டார்ட்டரும் செய்தவர்கள் சந்தை திறந்த பிறகும் நின்றார்கள். சுந்தரம் கிளேட்டன் 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. 1954-ல் இந்தியாவை விட்டுப் போன ஜெனரல் மோட்டார்ஸுக்கு 1990களில் ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது சுந்தரம் ஃபாஸனர்ஸ். பாதுகாப்பு ஒன்றே காரணமென்றால் அந்த வேலி இருக்கும்போதே ஒருவர் விழுந்ததும், அது நீங்கிய பிறகும் மற்றவர் நின்றதும் எப்படி?

இரண்டாவது மறுப்புக்கு என்னிடம் பாதிப் பதில்தான் உண்டு. மதுரையில் கற்றது மதுரைக்கு என்ன தந்தது? பெரிய தொழிற்சாலைகள் சென்னை பாடிக்குப் போய்விட்டன. துறைமுகம் அங்கே, எண்ணூரில் அசோக் லேலண்ட் அங்கே. சக்கரமும் பிரேக்கும் வாங்குகிறவன் இருக்கும் இடத்தில்தான் அவற்றைச் செய்ய முடியும் என்பது கணக்குப்படி சரி. ஆனாலும் தன் ஃபிட்டர்களின் திறமையால் எழுந்த செல்வத்தின் பெரும்பகுதி வடக்கே நகர்ந்ததை மதுரை இழப்பாகவே எண்ண வேண்டும். தங்கியது ரப்பர்: கொச்சடையின் பெல்ட்டும் ரப்பர் பாகங்களும், 1980களில் மேலூர்ப் பக்கம் வெள்ளரிப்பட்டியில் எழுந்த டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் டயர்களும். பஞ்சாலைகளுக்குப் பெயர்போன ஊரில் இவை கொடுத்த வேலை சிறிதல்ல. பாடி கொடுத்ததோடு ஒப்பிட்டால் சிறிதுதான்.

பஸ்ஸைப் பற்றியும் ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். 1939-ன் மோட்டார் வாகனச் சட்டம் வந்த பிறகு பெர்மிட் வைத்திருந்தவருக்குப் போட்டி குறைவு. நல்ல தடங்களில் ஓடிய பெரிய கம்பெனியின் நேர்த்தியை மெச்சும்போது இதை மறக்கக் கூடாது. 1972-ல் தி.மு.க. அரசு பெரிய பஸ் கம்பெனிகளை எடுத்துக்கொண்டபோது கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன், மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தன. பாண்டியனுக்கு அடித்தளம் டிவிஎஸ் பஸ்களும் பணிமனைகளும்தான். தனியார் நேர்த்தியை அரசு கெடுத்துவிட்டது என்று சொல்பவர்கள் லாபம் வராத கிராமத் தடங்களில் ஓடவேண்டிய கடமை யார் தலையில் விழுந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கடமையைத் தாங்க முடிந்ததற்கு, எந்த பஸ் எப்போது சர்வீஸுக்கு வர வேண்டும், எந்த டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுதிவைக்கும் பணிமனைப் பழக்கம் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது பெரிய துணை.

மாறாத மாடலின் பலனையும் இந்தக் கோணத்தில்தான் எடைபோட வேண்டும். மேற்கில் ஆண்டுதோறும் மாடல் மாறியதால் ஒவ்வொரு பாகமும் சீக்கிரம் பழசாகிவிட்டது. இங்கே 1959 முதல் அம்பாசடரில் இருந்த 1489 சிசி எஞ்சின் சில பத்தாண்டுகள் அப்படியே தொடர்ந்தது. உசிலம்பட்டியில் நின்றுபோன அம்பாசடருக்குக் காளவாசலில் பாகம் கிடைக்கும். கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்துவிடலாம். கார் வாங்க வரிசையில் நின்றவருக்கு இது ஆறுதலாகாது. பெட்ரோலைக் குடிக்கும் எஞ்சினையும் பாரமான ஸ்டீயரிங்கையும் சகித்தது அவர்தான். ஆனால் அதே தேக்கம் ஆயிரக்கணக்கான மெக்கானிக்குகளுக்கு ஒரே பாடப்புத்தகத்தைக் கையில் கொடுத்தது. பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்த பையன் அதைத் தலைகீழாகப் படித்துத் தனிப் பட்டறை போடுமளவுக்கு அவகாசமும் கொடுத்தது.

இன்று பழைய கார்களைப் போற்றிக் காப்பவர்கள் தமிழ்நாட்டில் பெருகியிருக்கிறார்கள். கோவையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. மெருகேற்றிய ஹெரால்டும் ஃபியட்டும் ஊர்வலம் போகின்றன. நல்லதுதான். ஆனால் அந்த வண்டிகளை அறுபது ஆண்டு உயிரோடு வைத்திருந்த பட்டறையின் தடயங்களை யாரும் சேர்ப்பதில்லை. பழைய ஸ்பேர் பார்ட்ஸ் விலைப்பட்டியல், பணிமனை ஏடு, தவணை ஒப்பந்தப் படிவம், ரீட்ரேடிங் அச்சு, கேஸ் பிளான்ட்டின் துருப்பிடித்த உடல் எல்லாம் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. மதுரையில் இப்படி ஏதாவது உங்கள் வீட்டுப் பரணிலோ கடையின் பின்கட்டிலோ கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். தாள்களை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்குக் காட்டுங்கள். பட்டறையில் வேலை பார்த்த பெரியவர்கள் இருந்தால் அவர்கள் சொல்வதை இப்போதே பதிவு செய்து வையுங்கள்.