கல்வராயன் மலையில் 'குடியிருப்பவர்' யார்?

மின்நுகர்வோர் உரிமையின் வரலாற்றை 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து தொடங்குவது வழக்கம். கல்வராயன் மலையில் அதை நிலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மூன்று ஜாகீர்களிடம் இருந்த மலை 1976-இல்தான் அரசின் கைக்கு வந்தது. ஜாகீர்தார் போனார், பட்டா வரவில்லை. தலைமுறையாக உழுத மலையாளிப் பழங்குடிகளில் பலர் வனத்துறைக் கணக்கில் ஆக்கிரமிப்பாளர் ஆனார்கள்.

2003 மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரிமையாளரோ குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் ஒரு மாதத்துக்குள் இணைப்பு தரச் சொல்கிறது. புதிதாகக் கம்பி இழுக்க வேண்டுமென்றால் கூடுதல் அவகாசம். தவறினால் நாளொன்றுக்கு 1000 ரூபாய் வரை தண்டம். குடியிருந்தால் போதும் என்பதே இதன் பொருள். ஆனால் 2004-இல் மாநில ஒழுங்குமுறை ஆணையம் எழுதிய விநியோக விதித்தொகுப்பு, சொந்தக்காரர் அல்லாதவரிடம் உரிமையாளரின் சம்மதத்தைக் கேட்டது. அது இல்லையென்றால் சட்டபூர்வமாகக் குடியிருப்பதற்குச் சான்று. அந்த 'சட்டபூர்வமாக' என்ற ஒரே சொல்லில் ஜாகீர் காலம் முழுசாகத் திரும்பி வந்துவிடுகிறது.

வழியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2006 வன உரிமைச் சட்டம், கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்குள் வனநிலத்தை மின்கம்பிக்கு ஒதுக்க அனுமதிக்கிறது. முறையிடக் குறைதீர் மன்றம் உண்டு. ஆனால் அதை அமைப்பது மின்விநியோகம் செய்பவரேதான். அதற்கு மேல் போனால் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர்.

2024-இல் கள்ளக்குறிச்சியில் சாராயச் சாவுகள் விழுந்த பிறகுதான் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து இம்மலையின் அடிப்படை வசதிகளை விசாரித்தது. சாவைக் காட்டித்தான் ஒரு ஊர் கண்ணில் பட வேண்டுமா?

சட்டத்தின் கெடு விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்துதான் ஓடும். வாங்காமலே திருப்பி அனுப்பினால் அந்த ஒரு மாதம் தொடங்குவதே இல்லை. ஆகவே முதல் போராட்டம் மின்கம்பத்துக்கு அல்ல. தேதி போட்ட ஓர் ஒப்புகைச் சீட்டுக்கு.