விமானந்தாங்கிக் கப்பல்களும் நமது கடலும்

ஏவுகணைகளும் ஆளில்லா விமானங்களும் பெருகிவிட்ட இக்காலத்தில் விமானந்தாங்கிக் கப்பல்களால் இனிப் பயனுண்டா என்ற கேள்வி எழுப்பப்படுகின்றது. இதற்கான விடையின் ஒரு பகுதி நமது கிழக்குக் கடலின் அடியில் கிடக்கின்றது.

1942 ஏப்ரல் 5 இல் கொழும்பையும் 9 இல் திருகோணமலையையும் தாக்கிய ஜப்பானிய விமானங்கள், ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்தே புறப்பட்டன. அதே 9 ஆம் திகதி பிரித்தானியாவின் ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. விமானந்தாங்கியான அக்கப்பலில் அன்று ஒரு விமானமேனும் இருக்கவில்லை. முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இக்கப்பல்களின் வலிமையும் பலவீனமும் ஒரே நாளில் வெளிப்பட்டன.

ஆழம் குறைந்த பாக்கு நீரிணைக்குள் இத்தகைய கப்பல்கள் நுழைய முடியாது. அங்கு, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியர் அமைத்த பலாலி போன்ற கரையோர விமானத்தளங்களே போதுமானவை. ஆனால் கரைத்தளமற்ற தொலைகடலில் இவற்றுக்கு மாற்றில்லை. அதனாலேயே இந்தியா 2022 இல் விக்ராந்தையும், சீனா 2025 இல் தனது மூன்றாவது கப்பலான பூஜியானையும் சேவையில் இணைத்தன.

2025 நவம்பரில் டித்வா புயல் தாக்கியபோது, கொழும்பு வந்திருந்த விக்ராந்தின் உலங்குவானூர்திகள் மீட்புப் பணியில் ஈடுபட்டன. அதனை நாம் நன்றியுடன் நினைவுகூருகின்றோம். ஆயினும் 1942 இல் அந்நியர் இருவர் மோதியபோது குண்டுகள் விழுந்தது நமது துறைமுகங்களிலேயாகும். தமிழரும் முஸ்லிம்களும் வாழ்வாதாரத்துக்கு நம்பியிருக்கும் இக்கடல், மீண்டும் எவரது போர்க்களமாகவும் மாற இலங்கை அரசு இடமளிக்கலாகாது.